கிளாஷ் செக்: பைப்பிங் மாடலில் எது இடிப்பு என்று யார் சொல்வது?

ஆலையை 3டியில் வரையும் பிளான்ட் டிசைன் மென்பொருளில், எது எதோடு இடிக்கிறது என்று தேடும் கிளாஷ் செக்கை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே அனுபவம்தான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பார்கள், எல்லாவற்றோடும் சோதிக்கச் சொல்வார்கள், பட்டனை அழுத்துவார்கள். ஆயிரக்கணக்கில் கிளாஷ் வந்து நிற்கும். முதல் இருபதைத் திறந்து பார்த்தால், குழாயைத் தாங்கும் ஷூ பீமின் மேல் உட்கார்ந்திருப்பது, சாக்கெட் வெல்ட் கப்ளிங் என்ற இணைப்புக்குள் குழாய் நுழைந்திருப்பது, கிரேட்டிங் என்ற கம்பித் தளத்தின் வழியாக லைன் (குழாய்) இறங்குவது என்று எல்லாமே இருக்க வேண்டியபடியே இருப்பவை. இருபத்தொன்றாவதைத் திறக்க மனம் வராது. அதில்தான் 10 இன்ச் லைன் ஒன்று, பிரேசிங் என்ற சாய்வுச் சட்டத்தை நடுவே துளைத்துக்கொண்டு போயிருக்கும்.

நான் பைப்பிங் டிசைனில் இருப்பவன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். மென்பொருளுக்கு இடிப்பு என்றால் என்னவென்று தெரியாது. இரண்டு உருவங்கள் ஒரே இடத்தைப் பிடித்திருக்கின்றனவா, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதில் எது தப்பு, எது சரி என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் பெயர்தான் கிளாஷ் செக்கின் அமைப்புகள். அதை அப்படியே விட்டுவிட்டுப் பட்டனை அழுத்துவது, ஊர் பேர் தெரியாத ஒருவரை வாசலில் நிறுத்தி, வருகிறவர்களில் யார் நம் ஆள் என்று கேட்பதற்குச் சமம்.

இந்த வேலை கணினியோடு வந்ததல்ல. 3டி மாடல் பரவுவதற்கு முன், பெரிய ஆலைகளுக்குப் பிளாஸ்டிக்கில் சிறிய அளவு மாதிரி கட்டி, மேஜையைச் சுற்றி நின்று, குழாய் எங்கே முட்டுகிறது என்று கண்ணால் பார்த்தார்கள். 1970-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த பிடிஎம்எஸ் போன்ற மென்பொருள்கள் அந்த மேஜையைத் திரைக்குள் கொண்டுவந்தன. மேஜையைச் சுற்றி நின்றவர் கண்ணுக்கு அனுபவம் இருந்தது. ஷூ பீமைத் தொடுவதை அவர் ஒருநாளும் குறை என்று எழுதியிருக்க மாட்டார். அந்த அனுபவத்தைத்தான் இப்போது நாம் எண்ணாகவும் விதியாகவும் எழுதிக்கொடுக்கிறோம்.

ஒரு ஸ்டீம் லைனை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. குழாய்களைத் தாங்கிச் செல்லும் பைப் ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் போகும் இரண்டு லைன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 8 இன்ச் ஸ்டீம் லைன். இன்சுலேஷன் 75 மி.மீ. மற்றொன்று 6 இன்ச் கூலிங் வாட்டர் லைன், இன்சுலேஷன் கிடையாது. இரண்டுக்கும் சென்டருக்கு சென்டர் 300 மி.மீ. விட்டிருக்கிறார் ஒரு டிசைனர்.

8 இன்ச் குழாயின் வெளிவிட்டம் 219.1 மி.மீ., 6 இன்ச்சுக்கு 168.3. பாதியும் பாதியும் சேர்ந்தால் சுமார் 194. முந்நூறிலிருந்து கழித்தால் 106 மி.மீ. இடைவெளி. தாராளமாக இருக்கிறது, மாடலிலும் பார்க்க அழகாக இருக்கிறது. இப்போது இன்சுலேஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 106-இல் 75 போய்விட்டது, மீதி 31. பரவாயில்லை, இன்னும் இடம் இருக்கிறது.

அப்புறம் அந்த கூலிங் வாட்டர் லைனில் ஓரிடத்தில் கிளாஸ் 150 (அழுத்த வகை) ஃபிளேஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகடு, வருகிறது. 6 இன்ச் ஃபிளேஞ்சின் வெளிவிட்டம் சுமார் 280 மி.மீ.; சென்டரிலிருந்து 140. ஸ்டீம் லைன் பக்கம் இன்சுலேஷனோடு சேர்த்து சென்டரிலிருந்து 184.5. இரண்டையும் கூட்டினால் 324.5. நாம் விட்டிருப்பதோ 300. ஃபிளேஞ்ச் இன்சுலேஷனுக்குள் கிட்டத்தட்ட 25 மி.மீ. புகுந்துவிட்டது.

இந்த இடத்தில் உங்கள் ரிப்போர்ட் என்ன சொல்லும்? அது முழுக்க முழுக்க நீங்கள் வைத்த அமைப்பைப் பொறுத்தது. இன்சுலேஷனைக் கணக்கில் எடுக்காமல் ஓட்டினால் ஒன்றுமே வராது. எடுத்து ஓட்டினால் கிளாஷ் வரும். அதே மாடல், அதே குழாய்கள், இரண்டு பதில்கள். "மாடல் கிளாஷ் ஃப்ரீ" என்று யாராவது சொன்னால், எந்த அமைப்பில் ஓட்டினீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் அதை நம்புவேன்.

முட்டுவது, இடத்தைப் பறிப்பது, நெருங்குவது

கிளாஷை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். இரும்பும் இரும்பும் ஒரே இடத்தில் இருந்தால் அது ஹார்ட் கிளாஷ். ஒரு பொருள், காலியாக இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றால் அது சாஃப்ட் கிளாஷ். எதுவும் எதையும் தொடவில்லை, ஆனால் வேண்டிய இடைவெளி இல்லை என்றால் அது கிளியரன்ஸ் கிளாஷ்.

மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும், விஷயம் மாறாது. பிடிஎம்எஸ்ஸிலும் அதன் வழியில் வந்த ஈ3டியிலும் ஒவ்வொரு வடிவத்துக்கும் அப்ஸ்ட்ரக்ஷன் என்று ஒரு மதிப்பு உண்டு. 0 என்றால் கிளாஷ் செக் அதைக் கண்டுகொள்ளாது, 1 என்றால் சாஃப்ட், 2 என்றால் ஹார்ட். ஸ்மார்ட் 3டி என்ற இன்னொரு டிசைன் மென்பொருளில் இதே வேலையை ஆஸ்பெக்ட்கள் செய்கின்றன. பொருளின் உடல் ஒரு ஆஸ்பெக்ட், இன்சுலேஷன் ஒன்று, இயக்கத் தேவையான இடம் ஒன்று, பராமரிப்புக்கான இடம் இன்னொன்று. அங்கே கிளாஷ் சோதனை சர்வரில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைப்பார்கள். பல மென்பொருள்களின் மாடல்களைச் சேர்த்துப் பார்க்க உதவும் நேவிஸ்வொர்க்ஸில் இதெல்லாம் இல்லை. அங்கே வரும் மாடல் வெறும் உருவம். ஹார்ட், கிளியரன்ஸ் என்று டெஸ்டின் வகையை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், சாஃப்ட் இடங்களைத் தனி செட்டாகப் பிரித்து நீங்களே அடையாளம் காட்ட வேண்டும்.

ஹார்ட் கிளாஷைப் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. அது கண்ணில் பட்டுவிடும், யாராவது சரிசெய்துவிடுவார்கள். என் அனுபவத்தில் சைட்டில் அழவைப்பது சாஃப்ட்தான்.

நான் வேலைக்கு வந்த புதிதில் செய்த ஒரு பகுதியில் 6 இன்ச் கேட் வால்வு ஒன்று, செங்குத்தான ஸ்டெம்மோடு (தண்டோடு). அதற்கு நேர் மேலே கேபிள் ட்ரே. ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் ஒரு கிளாஷும் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து சைட்டிலிருந்து போன்.

"தம்பி, இந்த வால்வைத் திறக்கவே முடியல. ஸ்டெம் மேல ஏறி ட்ரேயில முட்டிக்கிட்டு நிக்குது. உங்க மாடல்ல இது காட்டலையா?"

"இல்ல சார், கிளாஷ் எதுவும் வரல."

உண்மையைத்தான் சொன்னேன். ரைசிங் ஸ்டெம் வால்வு அது. திறக்கத் திறக்க ஸ்டெம் ஹேண்ட்வீலைத் தாண்டி மேலே எழும்பும். பொருள்களின் வடிவங்களை வைத்திருக்கும் கேட்டலாக்கில் அதை மூடிய நிலையில் வரைந்திருந்தார்கள். முழுவதும் திறந்தால் ஸ்டெம் எவ்வளவு உயரம் போகும் என்பதற்கான சாஃப்ட் இடமும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. மூடிய வால்வுக்கும் ட்ரேக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்ததால் மென்பொருளும் பேசாமல் இருந்துவிட்டது. அதற்குள் ட்ரேயில் கேபிள் இழுத்து முடித்துவிட்டார்கள். ட்ரேயை நகர்த்த முடியாமல் குழாயை வெட்டி வால்வைத் திருப்பி வைத்தார்கள். வெட்டினால் வெல்டு, வெல்டு செய்தால் எக்ஸ்ரே, மறுபடி தண்ணீர் நிரப்பி அழுத்தம் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட். திரையில் ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து புது ப்ராஜெக்டில் கிளாஷ் செக் அமைக்க உட்காரும்போது நான் முதலில் திறப்பது கேட்டலாக்கைத்தான். வால்வுகள் திறந்த நிலையில் இருக்கின்றனவா, ஹேண்ட்வீலைச் சுற்றிக் கை போக இடம் வரைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

இப்படிக் காலியாக இருக்க வேண்டிய இடங்கள் ஆலை முழுக்க உண்டு. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உள்ளிருக்கும் குழாய்க் கட்டான ட்யூப் பண்டிலை வெளியே இழுக்க, ட்யூப் நீளம் 6 மீட்டர் என்றால் முன்பக்கம் அதற்கும் கூடுதலான இடம் வேண்டும். அந்த இடத்தில் எந்த ப்ராஜெக்டிலும் யாராவது ஒரு டிரெயின் லைனை ஓட்டிவிடுவார்கள், ஏனென்றால் காலியாகத் தெரிகிறது. நடைபாதைக்கு மேல் தலை இடிக்காமலிருக்கப் பெரும்பாலும் 2.1 மீட்டர் கேட்பார்கள். பம்ப்பைத் தூக்க, மோட்டாரை நகர்த்த, ஃபிளேஞ்சின் பின்புறம் ஸ்டட் போல்ட்டை உருவ இடம் வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரு பெட்டியாகவோ உருளையாகவோ வரைந்து, சாஃப்ட் என்று குறித்து மாடலில் வைத்துவிட வேண்டும். வரையாத இடத்தை மென்பொருள் காக்காது.

எதை எதோடு சோதிப்பது

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சோதிப்பதை விட்டுவிடுங்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலே பைப்பிங், ஸ்ட்ரக்சர், எக்விப்மென்ட், கேபிள் ட்ரே, டக்ட், சிவில் ஃபவுண்டேஷன் என்று எழுதுங்கள். பக்கவாட்டிலும் அதையே எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் வர வேண்டும்: இந்த ஜோடியைச் சோதிக்க வேண்டுமா, எந்த வகைச் சோதனை, இடித்தால் யார் நகர வேண்டும்.

மூன்றாவதை நிறையப் பேர் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் ஒவ்வொரு கூட்டத்திலும் பைப்பிங்காரரும் எலெக்ட்ரிக்கல்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சரிவோடு ஓட வேண்டிய டிரெயின் லைனால் மேலே ஏறி இறங்க முடியாது. அதற்கு வழிவிட வேண்டும். பெரிய அலாய் (கலப்பு உலோக) லைன் ஸ்ட்ரெஸ் கணக்குப் பார்த்து முடித்தது என்றால் அதைத் தொடாதீர்கள். இரும்பு ஆர்டர் போன பிறகு பிரதான பீம் நகராது. 2 இன்ச்சும் அதற்குக் கீழும் உள்ள லைன்கள், ட்ரே, இவைதான் விட்டுக்கொடுக்கும். இதை முதலிலேயே பேசி எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

பைப்பிங்குக்கும் பைப்பிங்குக்கும் இன்சுலேஷனோடு கிளியரன்ஸ் சோதனை. ஃபிளேஞ்சுக்கும் பக்கத்துக் குழாய்க்கும் 25 மி.மீ. என்பது வழக்கமான எண், உங்கள் ப்ராஜெக்டின் ஆவணத்தில் வேறு இருந்தால் அதுதான் கணக்கு. பைப்பிங்குக்கும் ஸ்ட்ரக்சருக்கும் ஹார்ட் சோதனை, அதோடு தனியாக ஒரு இன்சுலேஷன் சோதனை. பைப்பிங்குக்கும் சாஃப்ட் இடங்களுக்கும் தனி டெஸ்ட், அதை வேறெதோடும் கலக்கக் கூடாது. டெஸ்டுகள் சிறியதாக, நிறைய இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர் தெளிவாக இருக்கட்டும். 40 கிளாஷ் உள்ள ரிப்போர்ட்டை ஒருவர் உட்கார்ந்து முடிப்பார். 4,000 உள்ளதை ஒருவரும் திறக்க மாட்டார்.

சாஃப்ட் இடத்துக்கும் சாஃப்ட் இடத்துக்கும் சோதனை தேவையே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு பம்ப்களின் பராமரிப்பு இடம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பொதுவாக யாருக்கும் நஷ்டமில்லை.

டாலரன்ஸ் என்ற ஒரே பெட்டி, இரண்டு அர்த்தம்

புதியவர்கள் மிக எளிதாகத் தடுமாறும் இடம் இது. நேவிஸ்வொர்க்ஸில் டெஸ்ட் அமைக்கும்போது டாலரன்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். ஹார்ட் டெஸ்டில் அதில் 10 மி.மீ. என்று போட்டால், 10 மி.மீ.க்குக் குறைவாக ஊடுருவியவற்றை விட்டுவிடு என்று பொருள். கிளியரன்ஸ் டெஸ்டில் அதே 10-ஐப் போட்டால், 10 மி.மீ. தூரத்துக்குள் வருபவற்றையும் பிடி என்று பொருள். ஒன்றில் எண்ணைக் கூட்டினால் கிளாஷ் குறையும், மற்றொன்றில் கூட்டினால் கிளாஷ் கூடும். ஹார்ட் டெஸ்டை நகலெடுத்து வகையை மட்டும் கிளியரன்ஸாக மாற்றிவிட்டு, எண்ணை மாற்ற மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். யூனிட் மில்லிமீட்டரா மீட்டரா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டரில் இருக்கும் பெட்டியில் 25 என்று எழுதினால் 25 மீட்டர் சுற்றளவில் இருப்பதெல்லாம் வந்து நிற்கும்.

ஷூ பீமின் மேல் உட்காரும் இடங்கள் நூற்றுக்கணக்கில் கிளாஷாக வரும்போது, பலருக்கும் முதலில் தோன்றுவது டாலரன்ஸைக் கூட்டிவிடுவது. செய்யாதீர்கள். 15 மி.மீ. என்று கூட்டினால் ஷூவோடு சேர்ந்து, பிரேசிங்கை 12 மி.மீ. உரசிப் போகும் குழாயும் மறைந்துவிடும். டாலரன்ஸ் எல்லாவற்றையும் ஒரேயடியாக மழுங்கடிக்கும். அதற்குப் பதில் விலக்கு விதி எழுதுங்கள்: சப்போர்ட் வகைப் பொருள் ஸ்டீலைத் தொடுவதை மட்டும் விடு, வேறு எதையும் விடாதே. பிடிஎம்எஸ் குடும்பத்தில் தொடுவதை டச் என்றும் ஊடுருவுவதை கிளாஷ் என்றும் தனித்தனியாகவே பிரித்துக் காட்டும். எவ்வளவு மேற்பொருந்தல் வரை தொடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் எண் கொடுக்கலாம். அங்கேயும் அந்த எண்ணை ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வைக்க எனக்கு மனம் வராது.

ஒரே லைனுக்குள் இருக்கும் எல்போ, டீ, ரெடியூசர் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அவற்றை விலக்க எல்லா மென்பொருளிலும் வழி இருக்கிறது. நேவிஸ்வொர்க்ஸில், ஸ்னாப் புள்ளிகள் ஒன்றாகச் சேரும் பொருள்களை விடு, ஒரே கூட்டுப் பொருளின் உறுப்புகளை விடு என்று தயார் விதிகள் உண்டு. ஒரே லைனை முழுக்க விலக்கும் விதியில் மட்டும் கவனம் வேண்டும். சூட்டில் நீள இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் லூப் போட்ட லைன் சுற்றி வந்து தன்னையே இடித்துக்கொண்டால், அந்த விதி அதை மறைத்துவிடும்.

உருளை உண்மையில் உருளையா?

நேவிஸ்வொர்க்ஸ் போன்ற பார்வை மென்பொருளுக்கு மாடல் போகும்போது, குழாய் வட்டமாகப் போவதில்லை. முக்கோணத் தகடுகளாக உடைந்து போகிறது. 8 இன்ச் குழாயை 16 பக்கமாக உடைத்தால், பக்கத்தின் நடுவில் உண்மையான வட்டத்தைவிட 2 மி.மீ. உள்ளே இருக்கும். 36 இன்ச் லைனில் இது கிட்டத்தட்ட 9 மி.மீ. ஆகிவிடும். 10 மி.மீ. கிளியரன்ஸை நுட்பமாகச் சோதிக்கப் பார்ப்பவருக்கு இந்த 9 பெரிய விஷயம். ஏற்றுமதி செய்யும்போது வளைவின் நுணுக்கத்தைக் கூட்டிவையுங்கள். ஃபைல் கனமாகும், பரவாயில்லை.

இதைவிட முக்கியமான விளைவு ஒன்று இருக்கிறது. சாதாரண ஹார்ட் டெஸ்ட் முக்கோணமும் முக்கோணமும் வெட்டிக்கொள்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. சரியாக ஒரே கோட்டில் போகும் இரண்டு குழாய்கள் முனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், முக்கோணங்கள் வெட்டாமலே போகலாம், கிளாஷும் வராமல் போகலாம். இதற்காகத்தான் ஹார்ட் கன்சர்வேட்டிவ் என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். அது சந்தேகப்பட்டவற்றையும் காட்டும், பொய்க் கிளாஷும் சில வரும். ஒரே பொருள் இரண்டு முறை வந்துவிட்டதா என்று பார்க்க டூப்ளிகேட் டெஸ்ட் தனியாக உண்டு. ஒரே லைனை இரண்டு டிசைனர்கள் தெரியாமல் இரண்டு முறை வரைந்துவிடுவது நடக்கத்தான் செய்கிறது. மெட்டீரியல் கணக்கில் அது இரட்டிப்பாகப் போய் நிற்கும்.

சூடானால் லைன் அங்கேயே நிற்காது

மறுபடி நம் ஸ்டீம் லைனுக்கு வருவோம். மாடலில் இருப்பது குளிர்ந்த குழாய். கார்பன் ஸ்டீல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு சுமார் 0.012 மி.மீ. நீளும். 30 டிகிரியில் நிறுவிய லைன் 230 டிகிரியில் ஓடினால், வித்தியாசம் 200, மீட்டருக்கு 2.4 மி.மீ. லைனை நகராமல் பிடித்திருக்கும் ஆங்கரிலிருந்து 30 மீட்டர் ஓடித் திரும்பும் லைன் என்றால், திரும்பும் இடத்தில் 72 மி.மீ. தள்ளும். அந்தத் திருப்பத்துக்கு அப்பால் லைன் மொத்தமும் பக்கவாட்டில் நகரும். அங்கே பக்கத்து லைனுக்கு நாம் விட்ட இடைவெளி அதே 31 மி.மீ. என்றால், ஆலை ஓடத் தொடங்கிய அன்றே இன்சுலேஷன் நசுங்கும்.

எந்தக் கிளாஷ் செக்கும் தானாக இதைச் சொல்லாது. ஸ்ட்ரெஸ் பிரிவினர் சீசர் போன்ற மென்பொருளில் கணக்குப் பார்த்து, எந்தப் புள்ளி எவ்வளவு நகரும் என்று கொடுப்பார்கள். பெரிதாக நகரும் லைன்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு செட்டாக வைத்து, அவற்றுக்கு மட்டும் கிளியரன்ஸ் எண்ணைக் கூட்டி, தனி டெஸ்ட் ஓட்டுவது எளிய வழி. நம் உதாரணத்தில் 25-க்குப் பதில் 100 என்று வைப்பேன். நகரும் திசை பக்கத்து லைனுக்கு எதிர்ப்பக்கம் என்றால் அந்தக் கிளாஷைக் காரணத்தோடு மூடிவிடலாம். ஸ்ட்ரெஸ்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பது நல்லது. அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

மாடலில் இல்லாதது

கிளாஷ் செக் இருப்பதோடு இருப்பதைத்தான் மோதவைக்கும். ஆரம்ப கட்டத்தில் ஸ்ட்ரக்சர் மாடலில் பீமும் தூணும் இருக்கும். சட்டங்களை இணைக்கும் கசெட் பிளேட் இருக்காது. பிரேசிங் கோடாக மட்டும் இருக்கலாம். தூணுக்குத் தீத்தடுப்புக் கான்கிரீட் 50 மி.மீ. பூசுவார்கள் என்றால் அது மாடலில் இருக்காது. தூணை ஒட்டி 30 மி.மீ. இடைவெளியில் இறங்கும் டிரெயின் லைன் அந்தக் கான்கிரீட்டுக்குள் புதைந்துவிடும். அதனால் டெஸ்ட் அமைக்கும் முன் மற்றப் பிரிவுகளிடம் கேட்டு, இன்னும் வராதவற்றின் பட்டியலை வாங்குங்கள். வரவேண்டிய இடத்தில் உத்தேச அளவில் ஒரு பெட்டி வையுங்கள். ஸ்ட்ரக்சர்காரரிடம், "சார், இந்த ஜாயின்டில கசெட் எவ்வளவு பெரிசா வரும்?" என்று கேட்டால் தோராயமாகக் கைவிரித்துக் காட்டிவிடுவார், அந்தத் தோராயமே போதும்.

ரிப்போர்ட் வந்த பிறகு

ஒரு பீம் தவறான உயரத்தில் இருந்தால் அதன் வழியே போகும் 12 லைனும் கிளாஷ் காட்டும். பிரச்சினை 12 அல்ல, ஒன்று. இப்படிப்பட்டவற்றைக் குழுவாகச் சேர்த்து, ஒரே பெயர் கொடுத்து, ஒருவரிடம் ஒப்படையுங்கள். எண்ணிக்கையைப் பார்த்து மேலிடம் பதறுவதும் குறையும்.

நிலை குறிப்பதில் ஒழுங்கு வேண்டும். நேவிஸ்வொர்க்ஸில் முதல்முறை வந்தது நியூ, அடுத்த ஓட்டத்திலும் இருந்தால் ஆக்டிவ், ஒருவர் பார்த்துவிட்டால் ரிவ்யூட், இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டால் அப்ரூவ்ட், அடுத்த ஓட்டத்தில் காணாமல் போனால் அது தானாகவே ரிசால்வ்ட். இதில் ஆபத்தானது அப்ரூவ்ட். 60 சதவீத மாடல் ரிவ்யூவுக்கு முந்தின இரவு, மீதமிருக்கும் முந்நூறையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அப்ரூவ்ட் என்று மாற்றுவது நடக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும், குழாய் இருந்த இடத்தில்தான் இருக்கும். இன்று 2 மி.மீ. உரசல் என்று ஒப்புக்கொண்ட ஜோடி, அடுத்த மாதம் யாரோ பீமை இறக்கியதால் 60 மி.மீ. ஆனாலும் அதே அனுமதிக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஆகவே அப்ரூவ் செய்பவர் பெயர், தேதி, ஒரு வரிக் காரணம் மூன்றும் இல்லாமல் எதையும் மூடக் கூடாது. மாடல் பெரிதாக மாறிய ஒவ்வொரு முறையும், மூடியவற்றையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் ஓட்டுவது நல்ல பழக்கம். வெண்டர் டிராயிங் வந்து பம்ப்பில் குழாய் சேரும் நாசில் இடம் மாறினால் கிழமைக்குக் காத்திருக்காமல் அந்தப் பகுதியை உடனே ஓட்டுங்கள்.

நம்புவதற்கு முன் சோதியுங்கள்

பூஜ்யம் என்று வரும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன் சந்தேகம்தான் வரும். ஸ்ட்ரக்சர் மாடல் வேறு ஆரிஜினில் (அளவு தொடங்கும் புள்ளியில்) வந்து விழுந்து, நம் பைப்பிங்கிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றிருக்கலாம். செட்டில் ஒரு பகுதி விட்டுப் போயிருக்கலாம். பழைய பிடிஎம்எஸ்ஸில் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பான ஸ்பேஷியல் மேப்பைப் புதுப்பிக்காமல் ஓட்டினால் புதிதாக வரைந்தவை விடுபட்டுப் போகும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: வேண்டுமென்றே தப்பு செய்து பாருங்கள். ஒரு தூணின் நடுவே போகும்படி ஒரு குழாய் வரையுங்கள். பண்டில் இழுக்கும் இடத்துக்குள் இன்னொன்று. நம் ஸ்டீம் லைனின் பக்கத்தில், இன்சுலேஷனுக்குள் 10 மி.மீ. புகும்படி மூன்றாவது ஒன்று. மூன்றுக்கும் கிளாஷ் டெஸ்ட் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்து, எல்லா டெஸ்டுகளையும் ஓட்டுங்கள். மூன்றும் அதனதன் ரிப்போர்ட்டில் வர வேண்டும். தூணுக்குள் போனது மட்டும் வந்து மற்ற இரண்டும் வராவிட்டால், எந்த அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். மூன்றும் வந்துவிட்டால் அந்த மூன்று குழாய்களையும் அன்றைக்கே அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் மெட்டீரியல் எடுக்கும்போது அவையும் கணக்கில் சேர்ந்துவிடும்.